மிட்வைஃப் அம்மாவைத் தெய்வமாக்க வேண்டாம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிரசவமும் தாய் பிள்ளை நலமும் பார்த்த மிட்வைஃப் அம்மா போய்விட்டார். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் பலருக்கு இந்நேரம் செய்தி வந்திருக்கும். பெயர் போடவில்லை, வீட்டார் வேண்டாம் என்றார்கள், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நேற்றிலிருந்து வருகிற அஞ்சலிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். "மலையகத்தின் அன்னை தெரேசா", "தியாக தீபம்", "நடமாடும் தெய்வம்". எழுதியவர்களின் துக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த அம்மாவை இப்படிப் படமாக்கிச் சுவரில் மாட்டிவிட்டால், அவர் வருவதைக் கண்டாலே ஒபீஸ் கதவைச் சாத்தியவர்களுக்குத்தான் பெரிய நிம்மதி. மரண வீட்டில் முன்வரிசைக் கதிரையில் இருந்தவர்களில் சிலர் அவர்கள்தான். அவர் சாது இல்லை, நல்ல சண்டைக்காரி. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், நிறை பார்க்கிற நாளில் அவரைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். கூரை மரத்தில் தராசு தொங்கும். துணிக் காற்சட்டை மாதிரி ஒன்றில் பிள்ளையின் காலை நுழைத்து மாட்டுவார். பிள்ளை உதைத்துக் கத்தும், முள் ஆடும், அது நிற்கிற மட்டும் அம்மா ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்புறம் பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார். புள்ளி கீழே இறங்கியிருந்தால் தாயைத் திட்டமாட்டார், இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் தாயைத்தான் திட்டினார்கள். இவர் கேட்பது வேறு. "பெரட்டுக்கு எத்தன மணிக்குப் போன? பால் குடுக்க மலையில இருந்து எறங்க விட்டாங்களா, இல்ல அரைப் பேருதான்னு மெரட்டுனாங்களா?" பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடம், அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். பதில் கொப்பியில் ஏறும். கொப்பி தோட்ட முகாமையாளரான துரையின் மேசைக்குப் போகும்.

2016இல் அரசாங்கமே எடுத்த கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர், தோட்டப்புறத்தில் 32 பேர். பத்திரிகையில் அது வந்தபோது ஆளாளுக்கு அதிர்ச்சி அடைந்தார்கள். அம்மா அதிரவில்லை, "இப்பதான் தெரியுதாக்கும்" என்று மட்டும் சொன்னார்.

பொம்பளைகளுக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை கொடுப்பார்கள். அதை விழுங்கிய கையோடு ஒரு கோப்பை சாயத்தண்ணி குடித்தால் பாதிப் பயன் போச்சு, தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் ஒட்டவிடாது. நல்ல தூள் கொழும்பு ஏலத்துக்குப் போக, மிச்சத்தை ரொட்டியோடு குடித்தே வளர்ந்த சனத்திடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்! அம்மா சொன்னார். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் பொறு, தேசிக்காய் கிடைத்தால் சோற்றில் பிழிந்துகொள் என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் லயமாகப் போய்ச் சொன்னார். ஆனால் அதோடு நிற்கவில்லை என்பதுதான் விஷயம். மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஏன்? குடித்தால் ஒதுங்க இடமில்லை. அதனால் சலக்கடுப்பு. அதற்கு மருந்து டிஸ்பென்சரியில் இருக்கிறது, மலையில் கக்கூஸ் இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் எழும்பி இதைக் கேட்பார், பெரிய மனிதர்கள் நெளிவார்கள்.

இது புதுக் கதையும் இல்லை. 1916இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் ஆட்கள் மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். சனம் மருந்து குடித்தது, புழு போனது, கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. கக்கூஸ் கட்டச் செலவழிக்கத் தோட்டங்களுக்கு மனமில்லை, வெறுங்காலோடு அதே மண்ணை மிதித்தால் புழு வராமல் என்ன செய்யும்? நூறு வருஷத்துக்கு மேலாகியும் அதே மருந்து, அதே மண்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் கீழ் லயத்தில் வயிற்றோட்டம் வீடு வீடாக ஏறியது. சுத்தம் இல்லாத சனம் என்று வழக்கமான பேச்சு. அம்மா நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டு லயத்துக்குக் குடிக்க வருகிற பீலித் தண்ணீரின் வழியே மேலே ஏறினார், அட்டைக் கடியோடு. மேலே மாட்டுப்பட்டி, அதற்குப் பக்கத்தில் மேல் லயத்துக் கக்கூஸ் குழி, இரண்டும் மழையில் கரைந்து அதே கானில், அந்தத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில், இறங்குகிறது. அதைத்தான் கீழே பிள்ளைகள் குடித்திருக்கிறார்கள். கடிதங்கள் பறந்தன. தமிழில் எழுதினால் பதில் சிங்களத்தில் வரும், பள்ளிக்கூடத்து சேர்தான் வாசித்துச் சொல்வார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இளைஞர்கள் சிரமதானம் செய்து, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் குழாய் வாங்கி, இன்னும் மேலே இருந்து ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். வயிற்றோட்டம் நின்றது. படம் எடுத்தோம், கேக் வெட்டினோம்.

அன்றைக்கு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். "நாமளே செஞ்சுக்கிட்டோம்ல, இனி அவங்களுக்குக் கவலையில்ல" என்றார். எனக்கு அப்போது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது, நல்ல காரியத்தில் ஏன் இந்த அம்மா குறை பிடிக்கிறார் என்று. ஆனால் அதுதான் நடந்தது. தண்ணீர் கேட்டுப் போனால் "உங்ககிட்டதான் திட்டம் இருக்கே" என்றார்கள்.

இந்தக் கைகழுவலுக்குச் சட்டமே துணை நின்றது. பிரதேச சபை என்பது எங்கள் பக்கத்து உள்ளூராட்சி சபை. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று. சபைக்கு நாங்கள் ஓட்டுப் போடலாம், எங்கள் ஆட்களையே தவிசாளராக்கலாம், ஆனால் சபைக் காசை லயத்துக்கு வருகிற ரோட்டில் போட முடியாது என்று அந்தப் பிரிவைக் காட்டிச் சொல்வார்கள். கம்பனியிடம் போனால் காணி அரசாங்கத்தினுடையது, நாங்கள் குத்தகைக்காரர் என்பார்கள். அரசாங்கத்திடம் போனால் நிர்வாகம் 1992இலேயே கம்பனிக்குப் போய்விட்டது என்பார்கள். 2018இல்தான், சபைக் காசைத் தோட்டத்திலும் செலவழிக்கலாம் என்று அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தச் சட்டத்தின் தாள் கையில் கிடைத்ததும் அம்மா போட்டோகொப்பி அடித்து ஒவ்வொரு லயத்திலும் ஒன்று கொடுத்தார், ரிட்டயர் ஆகி வீட்டில் இருந்த காலம் அது, முழங்கால் வலியோடு.

இப்போது அவர் பெயரில் மருத்துவ முகாம் வைக்கலாம், தண்ணீர்த் தாங்கியில் பெயர் எழுதலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடுகிறது. செய்யுங்கள், தடுக்கவில்லை. முகாமில் பூச்சி மருந்து கொடுப்பீர்கள், பிரஷர் பார்ப்பீர்கள், பின்னேரம் வேன் ஏறிப் போவீர்கள். அம்மா வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டது அந்த வேன் போன பிறகு என்ன என்பதற்காக.

அவருடைய கடிதக் கட்டு மகளிடம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் பிரதி வைத்திருக்கிறார் மனுஷி. மேல் லயத்துக் கக்கூஸ் பற்றிப் பிரதேச சபைக்குக் கொடுத்த கடைசிக் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. ஞாபகப்படுத்தி ஒன்று எழுத வேண்டும். சிங்களத்தில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த தம்பி தங்கச்சிமார் யாராவது இருந்தால் இன்பொக்ஸில் வாங்க.