ஒரு வரி படித்துப் பார்த்திருக்கலாம்

எங்கள் வட்டாரக் குழுவில் ஞாயிற்றுக்கிழமை வந்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள்; பூங்காவில் பொறுக்கிய குப்பையைப் பரப்பிவைத்து எடுத்த படம் அது, கீழே வரிசையாகக் கருத்துகள். நானும் இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். நேற்று யாரோ அதை மறுபடி எடுத்துப்போட்டு "சபாஷ்" என்று எழுதியதும் பொறுக்கவில்லை.

பூங்காவைச் சுத்தம் செய்ததற்கு நன்றி. கிண்டல் இல்லை, உண்மையாகவே நன்றி. ஆனால் நீங்கள் அந்தக் கறுப்புப் பையில் போட்டதில் ஒன்று குப்பை இல்லை. உள்ளங்கை அளவு டப்பா, மூடியில் "இது ஜியோகேச், எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஒரே ஒரு வரி. படித்துப் பார்த்திருக்கலாம்.

ஜியோகேச் என்றால் என்ன பூதமா என்று கேட்டவர்களுக்கு: 2000 மே மாதம் அமெரிக்க அரசு, ஜிபிஎஸ் இடத்தைத் துல்லியமாகக் காட்டாதபடி வேண்டுமென்றே வைத்திருந்த பிசகை நீக்கியது. அந்த வாரமே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்துவிட்டு, அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். தேடிக் கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுத வேண்டும். ஒரு சாமானை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அந்த முதல் வாளியில் பீன்ஸ் டின்கூட இருந்தது. இப்போது தின்பண்டம் வைக்கக் கூடாது என்று விதி. எங்கள் சிங்கப்பூர் மெக்ரிட்சி காட்டில் அந்த விதியே வேண்டாம், குரங்குகள் பார்த்துக்கொள்ளும்.

விளையாட்டு தெரியாத வெளியாளுக்கு 'மகுள்' என்று பெயர். "அம்மா, அந்த அங்கிள் மகுள், போகட்டும்" என்று மகன் காதைக் கடிப்பான். நான் உடனே குனிந்து, ஏற்கெனவே கட்டியிருக்கும் ஷூ லேஸைக் கட்டுவேன். அந்த அங்கிள் ஒருநாள் பையோடு வருவார் என்று அப்போது தெரியவில்லை.

பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்துவிட்டு இது வெளி விளையாட்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐயா, போன் உங்களைக் கிட்டத்தில் கொண்டுபோய் விடும், அதோடு சரி. அடர்ந்த மரத்தடியில் அம்புக்குறி பத்து மீட்டர் அங்கே இங்கே ஆடும். அப்புறம் போன் பைக்குள், கண்தான் வேலை செய்ய வேண்டும். வேருக்கு அடியிலா, கைப்பிடிக் கம்பிக்குப் பின்னாலா, அந்தக் கல் மட்டும் ஏன் ஈரமில்லாமல் இருக்கிறது? அரை மணி நேரம் என் மகன் ஒரு கல்லைப் பற்றி யோசித்திருக்கிறான். எந்த டியூஷனில் இது நடக்கும்?

போன வருடம் ரயில் காரிடாரில், பழைய புக்கிட் தீமா நிலையம் பக்கம், அப்பாவையும் கூட்டிப்போனோம். 2011 ஜூன் 30 வரை ரயில் ஓடிய தடம். பிள்ளைகள் இலைகளை விலக்கித் தேடிக்கொண்டிருக்க, அப்பா தஞ்சோங் பகார் நிலையத்தில் ஏறி கோலாலம்பூருக்கு ராத்திரி வண்டியில் போன கதையை ஆரம்பித்தார். யாரோ பலாப்பழம் உரித்து, பெட்டி முழுக்க விடிய விடிய மணந்ததாம். எனக்கு நாற்பது வயதாகிறது. அந்தக் கதையை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிறேன். நாங்கள் தேடிப்போன டப்பா கடைசிவரை கிடைக்கவில்லை. யாருக்கும் அது ஞாபகமே இல்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். "தண்ணீர் தேங்கி ஏடிஸ் கொசு வரும்" என்று ஒரு கருத்து. ரப்பர் வளையம் போட்ட மூடி அது. உள்ளே நோட்டு காய்ந்து மொறுமொறுவென்று இருந்ததை உங்கள் படமே காட்டுகிறது. "சந்தேகப்படும் பொருளைக் கண்டால் சும்மா விடலாமா" என்று இன்னொன்று. நியாயம்தான். எம்ஆர்டி ரயிலில் தினமும் அந்த அறிவிப்பைக் கேட்டுத்தான் நானும் வேலைக்குப் போகிறேன். ஆனால் சந்தேகம் வந்தால் போலீசைக் கூப்பிடுவார்களா, வெறுங்கையால் எடுத்துக் குலுக்கிப் படம் பிடிப்பார்களா? "அனுமதி வாங்கித்தான் வைத்தார்களா" என்பது மூன்றாவது. நிலத்துக்குப் பொறுப்பானவரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. வைத்தவர் தன் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். கேட்டிருப்பார் என்றுதான் நம்புகிறேன். அடுத்ததற்குப் போவோம்.

"பிள்ளைகளை ஏன் குப்பை பொறுக்க விடுகிறீர்கள்?" இதை எழுதியவர் எனக்கு நேரில் தெரிந்தவர். அதனால் பதில் சொல்லவில்லை.

இப்படி ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேனே, எனக்கு வலித்தது இதெல்லாம் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மைலோ பாக்கெட்டுக்கும் சிகரெட் அட்டைக்கும் நடுவில் நோட்டு விரிந்து கிடக்கிறது. மேலே ஜெர்மன்காரர் யாரோ எழுதிய இரண்டு வரி. அதற்குக் கீழே பென்சிலில், கோணல்மாணலாக, என் மகனின் பெயர். தமிழில். மூன்று சுழி 'ண'வுக்கு நான்கு சுழி போட்டிருக்கிறான், ஐந்து வயதில் எழுதியது. "எல்லாரும் இங்கிலீஷ்ல எழுதியிருக்காங்கம்மா, நான் தமிழ்ல எழுதட்டா" என்று கேட்டுவிட்டு எழுதினான். ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் போய் அந்தப் பக்கத்தைத் திறந்து, சுழியை எண்ணிச் சிரித்துவிட்டு வருவான்.

அந்தப் படத்துக்குச் சிரிப்பு முகம் போட்ட பன்னிரண்டு பேரில் மூன்று பேர் எங்கள் வீட்டுத் தீபாவளிக்கு வந்து முறுக்கு சாப்பிட்டவர்கள். மற்றவர்களை விடுங்கள், அவர்களுக்கு அது வெறும் கிறுக்கல். உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமே. அந்தப் பெயரைச் சொல்லித்தானே அவனைக் கூப்பிடுகிறீர்கள்? தமிழ் மொழி மாதத்தில் "பிள்ளைகள் தமிழில் எழுதுவதே இல்லை" என்று மேடையேறிப் புலம்புகிற வாய்தானே அது? ஒருவன் எழுதினான். குப்பைப் பையில் இருக்கிறது.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. 'ஒரு டப்பாவுக்கா இவ்வளவு' என்று கேட்பீர்கள். ஆமாம், ஒரு டப்பாவுக்குத்தான்.

நேற்று இரவு மகன் ஜியோகேச் செயலியில் 'கிடைக்கவில்லை' என்று பதிவு போட்டான். கண்டுபிடித்தால் மஞ்சள் சிரிப்பு முகம் வரும், இல்லையென்றால் நீல அழுமூஞ்சி. அதை என்னிடம் காட்டிவிட்டு, எதுவும் பேசாமல் பல் தேய்க்கப் போய்விட்டான். மகள்தான் தன் யானையைக் கேட்டு விடவில்லை. பொங்கலுக்குத் தேக்காவில் வாங்கிய விரல் நீள மண் யானை ஒன்றை இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த டப்பாவில் வைத்திருந்தாள். ஒரு காது உடைந்திருக்கும்.

எடுத்தவர் இதைப் படித்தால், நோட்டு போனால் போகட்டும். அந்தப் பை இன்னும் வீட்டில் இருந்தால் யானையை மட்டும் எங்கள் புளோக் தபால் பெட்டிகளின் மேல் வைத்துவிடுங்கள். யார் என்று கேட்க மாட்டேன்.