தட்டுதான் பை

(எடிசன், நியூ ஜெர்சி. தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை ராத்திரி. மகள் மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில். மாப்பிள்ளை சமையலறையில் அளவுக் கரண்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறார். கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அத்தை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறார். உதவிக்கு இல்லை, மேற்பார்வைக்கு.)

அத்தை: என்ன மாப்ள, இந்நேரத்துல அடுப்படியில?

மாப்பிள்ளை: நாளைக்கு ஆபீஸ்ல பாட்லக் அத்தை. ஆளுக்கொண்ணு பண்ணிட்டுப் போகணும். நான் பம்ப்கின் பை.

அத்தை: பரங்கிக்காயா? காலையிலயே சொல்லியிருந்தா ஒரு பால் கூட்டு வச்சுக் குடுத்திருப்பேனே.

மாப்பிள்ளை: இது இனிப்பு அத்தை. வழக்கமா மைதாவுல ஓடு மாதிரி தட்டி, அதுக்குள்ள பரங்கி விழுத ஊத்தி பேக் பண்ணுவாங்க. நான் ஓடு இல்லாம பண்றேன்.

அத்தை: மாவு பிசைய அலுப்பா இருக்கா?

மாப்பிள்ளை: அய்யோ, அதில்ல. எங்க டீம்ல ஒருத்தருக்குக் கோதுமை, மைதா எதுவும் ஆகாது. கொஞ்சம் உள்ள போனாலும் குடல் கெட்டுடும். கடையில ரெடியா விக்கிற ஓட்டுலயும் சிலதுல பன்னிக் கொழுப்பு கலந்திருக்கும். டீம்ல பாதிப் பேர் சைவம்.

அத்தை: சைவங்கறீங்க, பக்கத்துல ரெண்டு முட்டை உக்காந்திருக்கு?

மாப்பிள்ளை: முட்டை சாப்பிடற சைவம்.

அத்தை: அது எந்த மடத்துச் சைவம்?

மாப்பிள்ளை: ஐ.டி. மடம்.

அத்தை: இருக்கட்டும். கொழுக்கட்டைக்குப் பூரணம் கிளறி, மேல்மாவே இல்லாம தட்டுல கொட்டி, ‘இந்தாப்பா கொழுக்கட்டை’ன்னு வச்சா பிள்ளையார் ஒத்துப்பாரா?

மாப்பிள்ளை: இந்த ஊர்ல இதையும் பைன்னுதான் சொல்றாங்க அத்தை. வட்டத் தட்டுல ஊத்தி, முக்கோணமா வெட்டினா முடிஞ்சுது.

அத்தை: சதுரத் தட்டுல ஊத்தினா?

மாப்பிள்ளை: (யோசித்து) அப்ப... பை இல்ல.

அத்தை: ஆக, தட்டுதான் பை.

(மாப்பிள்ளை பதில் சொல்லாமல் டப்பாவைத் திறக்கிறார்.)

அத்தை: டப்பாவா! வாசல்ல முழுசா ஒரு காய் கெடக்குதே?

மாப்பிள்ளை: அது ஹாலோவீனுக்கு வாங்கினது. அந்த ரகம் வெறும் நாரும் தண்ணியும்தான், அழகுக்கு வைக்கிறது. டப்பாவுல இருக்கிறது டிக்கின்சன்னு ஒரு ரகம். இல்லினாய்ல மார்ட்டன்னு ஒரு ஊர், அதச் சுத்தி வெளையுது. தோல் பழுப்பா, காய் கொஞ்சம் நீளமா இருக்கும். சொன்னா நம்ப மாட்டீங்க, நம்ம பரங்கிக்காயும் அதுவும் ஒரே இனம்.

அத்தை: பாத்தீங்களா? நம்ம காயக் கொண்டுவந்து டப்பாவுல அடைச்சு நமக்கே விக்கிறான்.

மாப்பிள்ளை: இல்ல அத்தை, அந்த இனமே இந்தக் கண்டத்துலேருந்துதான் நம்ம பக்கம் வந்தது.

அத்தை: எங்க பாட்டி கொல்லையில கூரை மேல படர விட்டாளே, அதுக்குக் கொலம்பஸா வந்து வெதை குடுத்தான்?

(இந்த இடத்தில் வரலாறு பேசினால் பை விடிந்துதான் வேகும் என்று மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த டப்பாவுக்குப் போகிறார்.)

அத்தை: இது மில்க்மெய்டுதானே?

மாப்பிள்ளை: இல்ல, இதுல சர்க்கரை கெடையாது. பால்லேருந்து பாதிக்கு மேல தண்ணிய வத்த வச்சு அடைச்சது.

அத்தை: பாலச் சுண்டக் காய்ச்சினதுன்னு சொல்லுங்க. அதுக்கு ஒரு தொழிற்சாலை. சரி, அந்த டப்பிகள்ல என்ன?

மாப்பிள்ளை: பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்குப் பொடி.

அத்தை: (மாடியைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி) மாப்ள... ஏதும் விசேஷமா?

மாப்பிள்ளை: என்ன விசேஷம்?

அத்தை: சுக்குங்கறீங்க, ஜாதிக்காய்ங்கறீங்க. பிரசவ லேகியத்துக்கு இப்பவே சேக்கறீங்களோன்னு.

மாப்பிள்ளை: அத்தை! பம்ப்கின் பைக்கே இதான் மசாலா!

அத்தை: சரி சரி, கத்தாதீங்க. மீட்டிங்ல கேட்டுடப் போகுது.

(விழுது, பால், முட்டை, சர்க்கரை, மசாலா எல்லாம் கலந்தாயிற்று. தாங்கிப் பிடிக்க ஓடு இல்லை என்பதால் ஒரு கரண்டி சோளமாவும் சேர்ந்தது. அதில் கோதுமை இல்லை என்பதைப் பாக்கெட்டில் இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். தட்டில் வெண்ணெய் தடவியாயிற்று.)

மாப்பிள்ளை: (போனைப் பார்த்து) மொதல்ல 425 டிகிரி ஃபாரன்ஹீட்ல 15 நிமிஷம். அப்புறம் 350க்கு எறக்கணும்.

அத்தை: மொதல்ல எதுக்கு அவ்வளவு சூடு?

மாப்பிள்ளை: அப்பதான் ஓடு மொறுமொறுன்னு வரும்.

அத்தை: எந்த ஓடு?

(மாப்பிள்ளை 350ஐ மட்டும் அமுக்குகிறார். முக்கால் மணி நேரம் போகிறது. ஓவனைத் திறந்து அத்தை தட்டை லேசாக ஒரு தட்டு தட்டுகிறார். ஓரம் அசையவில்லை. நடுவில் மட்டும் ஒரு உள்ளங்கை அகலம் தளதளவென்று ஆடுகிறது.)

அத்தை: எறக்குங்க.

மாப்பிள்ளை: ஆடுதே அத்தை! இன்னும் பத்து நிமிஷம்...

அத்தை: ஆடட்டும். உள்ள இருக்கிற சூடே மிச்சத்தப் பாத்துக்கும். இன்னும் விட்டா முட்டை திரிஞ்சு தண்ணி விட்டுக்கும், மேல வெடிச்சுடும்.

மாப்பிள்ளை: நீங்க இதுக்கு முன்னாடி பம்ப்கின் பை பண்ணியிருக்கீங்களா?

அத்தை: பேரே இன்னிக்குத்தான் ஒழுங்காக் கேக்கறேன்.

(மாப்பிள்ளை தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்கிறார்.)

மாப்பிள்ளை: 175 காட்டுது.

அத்தை: எத்தனை இருக்கணுமாம்?

மாப்பிள்ளை: (மெதுவாக) 175.

அத்தை: மிஷினும் ஒத்துக்கிச்சா? சந்தோஷம். ஒரு ஸ்பூன் குடுங்க.

மாப்பிள்ளை: இப்பத் தொடக் கூடாது அத்தை! ரெண்டு மணி நேரம் ஆறணும், அப்புறம் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல இருக்கணும். ஓடு இல்ல பாருங்க, சூட்டுல வெட்டினா சரிஞ்சுடும். நான் போய் மூடி எடுத்துட்டு வர்றேன்.

(திரும்பி வரும்போது ஓரத்தில் ஒரு பள்ளம்.)

மாப்பிள்ளை: அத்தை...

அத்தை: கிராம்பு தூக்கலா இருக்கு. சர்க்கரை ஒரு பிடி கம்மி. (இன்னொரு ஸ்பூன்.) ஆமா, கம்மிதான்.

மாப்பிள்ளை: எங்க மேனேஜர் வேற சாப்பிடுவாங்களே!

அத்தை: ஃபிரிட்ஜ்ல வெள்ளையா ஒரு க்ரீம் வச்சிருக்கீங்களே, அது எதுக்கு?

மாப்பிள்ளை: மேல போட.

அத்தை: அந்த எடத்துல போடுங்க.

மாப்பிள்ளை: க்ரீம் பள்ளத்த மறைக்கும். ஓடு எங்கன்னு கேட்டா என்ன சொல்றது?

அத்தை: ஓடு வைக்கிறது எங்க குலத்துக்கு ஆகாதுன்னு சொல்லுங்க. பள்ளத்தக் கேட்டா, மொத ஸ்பூன் மாமியாருக்கு எடுத்து வைக்கிறது எங்க வழக்கம்னு சொல்லுங்க. இந்த ஊர்க்காரங்க நல்லவங்க மாப்ள, வழக்கம்னு சொல்லிட்டா மேல ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க.