வீடே இல்லாத ஊரில் வாடகைச் சட்டம் எதற்கு?

நெதர்லாந்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சட்டம் எவ்வளவு பாதுகாப்பு தருகிறது தெரியுமா என்று இனி யாராவது என்னிடம் ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான், வரிவரியாகப் படித்து வைத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்தை எடுத்துப் பேச முதலில் ஒரு வீட்டுக்குள் இருக்க வேண்டும். வாடகைக்கு விட வீடே இல்லாத ஊரில், இருக்கிற ஒன்றிரண்டு வீட்டின் ஓனர் என்ன சொல்கிறாரோ அதுதான் சட்டம்.

ஆம்ஸ்டர்டாமில் வீடு கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள். ஐந்தோவன் நகரத்துக்குத் தென்மேற்கே பெல்ஜிய எல்லை வரை நீளும் கெம்பன் பகுதியைச் சொல்கிறேன். ஏர்சல், பிளாடல், பெர்கைக், ரோசல் என்று சின்ன ஊர்கள். பைன் காடு, புதர்வெளி, சோளக் கொல்லை, பன்றிப் பண்ணை. ரயில் நிலையம் கிடையாது. சில கிராமங்களுக்குப் பேருந்தே வராது. எட்டுப் பேர் உட்காரும் வேன் ஒன்றை ஊர்க்காரர்களே சம்பளம் வாங்காமல் ஓட்டுகிறார்கள். அமைதியான, அழகான இடம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பக்கத்து வெல்த்ஹோவனில் சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் தொழில் பெரிதாக வளர்ந்திருப்பதால் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், நம்மவர்களும் கணிசமாக வந்திருக்கிறார்கள். ஐந்தோவனுக்குள் வாடகை கட்டுப்படியாகாதபோது எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புகிறோம். கிராமம்தானே, சுலபமாகக் கிடைக்கும் என்ற நினைப்பு. சுலபமாக ஒன்றும் கிடைக்காது.

நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 57 சதவீத வீடுகளில் சொந்தக்காரர்களே குடியிருக்கிறார்கள். மீதியில் பெரும்பகுதி லாப நோக்கமில்லாத வீட்டு நிறுவனங்களின் கையில் இருக்கிறது. அதற்கப்புறம் மிஞ்சுவதுதான் தனியார் வாடகை வீடு. கிராமத்துப் பக்கம் சொந்த வீடு இன்னும் அதிகம், அதனால் தனியார் வாடகை இன்னும் சொற்பம். சரி, லாப நோக்கமில்லாத நிறுவனங்களிடம் போகலாமே என்பீர்கள். அங்கே வருமான உச்சவரம்பு உண்டு: 2025இல் தனி ஆளுக்கு வருடத்துக்கு 49,669 யூரோ. திறன்பணியாளர் விசாவில் வருகிற 30 வயது தாண்டிய ஒருவருக்கு அதே வருடம் மாதம் 5,688 யூரோவாவது சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அரசாங்கத்தின் நிபந்தனை. கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்த விசா நம்மை இந்த நாட்டுக்குள் விட்டதோ அதே விசா அந்த வரிசையில் நிற்கக்கூட விடுவதில்லை. வரிசையில் நிற்க முடிகிற உள்ளூர்ப் பிள்ளைகளும் பல வருடம் காத்திருக்கிறார்கள். ரொட்டிக் கடையில் வேலை செய்கிற பெண்ணும் பள்ளி ஆசிரியரும் கல்யாண வயதிலும் அப்பா அம்மா வீட்டு மாடியறையில் இருக்கிறார்கள். ஆகவே இது வெளிநாட்டுக்காரர் பிரச்சினை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அப்புறம் அந்தச் சொற்பத்துக்கு எவ்வளவு அடிதடி! விளம்பரம் வந்த சில மணி நேரத்தில் அதை எடுத்துவிடுகிறார்கள், அவ்வளவு விண்ணப்பம். வீட்டைப் பார்க்கவே தரகர் தேர்ந்தெடுத்தால்தான் போக முடியும். வாடகையைப் போல மூன்று மடங்கு, சிலர் நான்கு மடங்கு மாதச் சம்பளம் கேட்கிறார்கள். சம்பளச் சீட்டு, முதலாளி கடிதம், பாஸ்போர்ட் நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, முந்தைய வீட்டு ஓனரின் நன்னடத்தைக் கடிதம். அத்தனையையும், வீட்டை ஒரு தடவைகூடப் பார்க்காமல், முகம் தெரியாத ஆளுக்கு அனுப்ப வேண்டும். இந்த நாட்டுக்கு இப்போதுதான் வந்தவர் முந்தைய ஓனரின் கடிதத்துக்கு எங்கே போவார்? கேட்டால் பதில் வராது. வீடு இன்னொருவருக்குப் போய்விட்டது என்ற செய்தி மட்டும் வரும், சில சமயம் அதுவும் வராது.

தரகர் ஓனருக்காக வேலை செய்தால் குடிவருகிறவரிடம் தரகுக் காசு வாங்கக்கூடாது. இது சட்டம். ஆனாலும் 'ஒப்பந்தக் கட்டணம்', 'நிர்வாகச் செலவு' என்று வேறு பெயர் வைத்து பில் வருகிறது. அட்வான்ஸ் அடிப்படை வாடகையில் இரண்டு மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்று 2023 ஜூலை முதல் விதி இருக்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் இதைக் கேட்டுப் பொறாமைப்படுவார்கள். பொறாமைப்பட வேண்டாம். என்னிடம் அதற்கு மேல் கேட்டார்கள். விதியைச் சொன்னேன். பரவாயில்லை, அடுத்தவரிடம் பேசிக்கொள்கிறோம் என்றார்கள், மரியாதையாகத்தான். அந்த வீட்டில் இன்று யாரோ குடியிருக்கிறார்கள், கேட்டதைக் கொடுத்துவிட்டு.

என்னை உண்மையிலேயே கொதிக்க வைப்பது முகவரிப் பதிவு. நான்கு மாதத்துக்கு மேல் தங்க வருகிறவர், வந்த ஐந்து நாளைக்குள் நகராட்சியில் தன் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் பதிவிலிருந்துதான் குடிமக்கள் சேவை எண் வருகிறது. அந்த எண் இல்லாவிட்டால் சம்பளம் ஒழுங்காக வராது, வங்கிக் கணக்கு இழுபறி, மருத்துவக் காப்பீடு இழுபறி. இந்த நாட்டில் ஒருவருடைய இருப்பே அந்தப் பதிவில்தான் நிற்கிறது. அப்படியிருக்க, 'இங்கே தங்கலாம், ஆனால் முகவரி பதியக்கூடாது' என்று விளம்பரத்திலேயே கூச்சமில்லாமல் போடுகிறார்கள்! ஏன்? வங்கிக் கடனில் வாங்கிய வீட்டை வங்கிக்குத் தெரியாமல் வாடகைக்கு விட்டிருப்பார்கள். அல்லது வாடகை வருமானத்தைக் காட்ட விருப்பமில்லை. அல்லது அது வீடே இல்லை, நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதியில்லாத விடுமுறைப் பூங்காவின் மரக் குடில். ஓனரின் தப்பை மறைக்கக் குடியிருப்பவர் ஆவணத்தில் இல்லாத ஆளாக வாழ வேண்டும். ஒருவர் நிஜமாக எங்கே வசிக்கிறாரோ அங்கே பதிவதுதான் நகராட்சியின் கடமை, ஓனர் தடுக்க முடியாது. இதுவும் சட்டத்தில் இருக்கிறது. பதிந்த மறுநாள் ஓனர் கதவைத் தட்டினால் எங்கே போவது என்பதற்குத்தான் சட்டத்தில் பதில் இல்லை.

எல்லாவற்றையும் தாண்டி ஒரு வீடு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒழுங்கான ஒப்பந்தம், முகவரி பதியலாம், வாடகையும் சமாளிக்கலாம். சாவியை வாங்கிக் கதவைத் திறந்தால் உள்ளே தரை இல்லை. மிகையாகச் சொல்லவில்லை. வெறும் சிமென்ட் தளம், அதில் முந்தைய விரிப்பின் பசைக் கறை. கூரையிலிருந்து மின்கம்பி மட்டும் தொங்குகிறது, விளக்கு கிடையாது, பல வீட்டில் விளக்கை மாட்டும் கொக்கிகூடக் கிடையாது. ஜன்னலுக்குத் திரை இல்லை, திரை மாட்டும் கம்பியும் இல்லை. பல வீடுகளில் அடுப்பும் இல்லை. இங்கே இதுதான் வழக்கம்: காலி செய்கிறவர் தன் செலவில் போட்ட தரையைப் பெயர்த்துக்கொண்டு போக வேண்டும், வருகிறவர் புதிதாகப் போட வேண்டும். இல்லையென்றால் பழைய தரைக்கு அவர் சொல்கிற விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கினால் நாளைக்கு நாம் காலி செய்யும்போது அதைப் பெயர்க்கிற வேலை நம் தலையில்.

எவ்வளவு பெரிய வீண் இது! நல்ல நிலையில் இருக்கும் லாமினேட் பலகையைக் கடப்பாரை வைத்துப் பெயர்த்துக் குப்பைக் கிடங்கில் போடுகிறார்கள். அடுத்த வாரம் அதே அறைக்கு அதே அளவில் புதுப் பலகை வருகிறது. சுற்றுச்சூழலைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாட்டில், தேநீர்ப் பையின் நூலையும் காகிதத்தையும் எந்தத் தொட்டியில் போடுவது என்று பாடம் எடுக்கிற நாட்டில், இதை ஒருவரும் தட்டிக் கேட்பதில்லை. கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பம் முதல் குளிர்காலத்தில் சிமென்ட் தரையில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் கட்டிய பிறகு தரைக்குப் பணம் இல்லை அவர்களிடம். இரண்டு பேரும் படித்தவர்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள்.

வாடகை நியாயமா என்று பார்க்கவும் இங்கே முறையான கணக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டின் பரப்பு, சமையலறை, குளியலறை, மின்சக்தித் தரம், அரசு மதிப்பிட்ட விலை எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. 2024 ஜூலை 1 முதல் போடும் புது ஒப்பந்தங்களில் 186 புள்ளி வரை உள்ள வீட்டுக்கு உச்ச வாடகை கட்டாயம். 2025இல் அந்த உச்சம் 1,184.82 யூரோ. உள்ளே வெப்பத்தைத் தக்கவைக்காத பழைய வீடென்றால் புள்ளி குறையும். 2025 ஜனவரியிலிருந்து புது ஒப்பந்தத்தோடு புள்ளிக் கணக்கையும் ஓனர் கொடுத்தாக வேண்டும். அதிகம் வாங்குகிறார் என்று சந்தேகம் வந்தால் குடிவந்த ஆறு மாதத்துக்குள் 25 யூரோ கட்டி வாடகை ஆணையத்திடம் போகலாம். ஜெயித்தால் அந்த 25 யூரோவும் திரும்ப வரும்.

இதைவிட நல்ல ஏற்பாடு எந்த ஊரில் இருக்கிறது? ஆனால் யார் போகிறார்கள் சொல்லுங்கள். ஜன்னலில் சாரல் இறங்கி, படுக்கையறைச் சுவரில் பூஞ்சை கறுத்துப் படர்ந்த வீட்டுக்கு 1,500 யூரோ கொடுக்கிறவர்களை எனக்குத் தெரியும். போகலாமே என்றால், வேண்டாம், ஓனர் கோபித்துக்கொள்வார் என்கிறார்கள். சின்ன ஊர். ஓனரின் தம்பிதான் உள்ளூர் ஒப்பந்தக்காரர், மச்சான் கால்பந்துக் கிளப்பில் செயலாளர், அவர் மனைவி நம் குழந்தையின் பள்ளியில் இருக்கிறார். நகரத்தில் ஓனரோடு சண்டை போட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். இங்கே அடுத்த தெருவில் வீடு இல்லை. அடுத்த ஊரிலும் இல்லை.

ஓனர்களும் இதே சட்டத்தைக் காட்டி விலகுகிறார்கள். 2024 ஜூலையோடு இரண்டு வருடத் தற்காலிக ஒப்பந்தம் பெரும்பாலும் ஒழிந்தது, நிரந்தர ஒப்பந்தம்தான் இனி பொது விதி. வாடகைக்கும் உச்சவரம்பு. உடனே பல முதலீட்டாளர்கள் குடியிருப்பவர் காலி செய்ததும் வீட்டை விற்கத் தொடங்கிவிட்டார்கள். வேறு சிலர் 'குறுகிய காலத் தங்கல்' என்று ஒப்பந்தத்துக்குப் பெயர் மாற்றி, வருடக்கணக்கில் வேலைக்கு வந்தவர்களைச் சுற்றுலாப் பயணி போல எழுதுகிறார்கள். சட்டம் தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். வீட்டைக் கட்டாமல் சட்டத்தை மட்டும் போட்டால் இப்படித்தான் ஆகும்.

நம் நிலைமையாவது பரவாயில்லை என்று நினைக்க வைப்பது போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வந்து பண்ணையிலும் கிடங்கிலும் உழைக்கிறவர்களின் நிலைமை. வேலை கொடுக்கிற ஏஜென்சியே படுக்கையும் கொடுக்கிறது, சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறது. வேலை போனால் படுக்கையும் போயிற்று. இப்படி வந்து உழைக்கிறவர்களின் பாதுகாப்புக்காக அரசு அமைத்த, எமில் ரூமர் தலைமையிலான குழு 2020லேயே இந்த இரண்டையும் பிரிக்கச் சொன்னது. வாடகை ஒப்பந்தம் தனியாக இருக்க வேண்டும் என்று 2023இல் சட்டமும் வந்தது. காகிதம் இரண்டாகிவிட்டது. வேலை இழந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பது நின்றபாடில்லை.

ஏன் கட்டவில்லை என்று கேட்டால் நைட்ரஜன் என்பார்கள், கட்டட வேலையிலிருந்து வெளியாகும் நைட்ரஜன் காட்டையும் புதர்வெளியையும் கெடுக்கிறதாம். இதைப் பற்றி நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2019 மே மாதம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளுக்கு அருகே கட்டட அனுமதி கடினமாகிவிட்டது உண்மைதான், இந்தப் பக்கம் காடும் புதர்வெளியும் அப்படிப்பட்ட பகுதிகள். மின்கட்டமைப்பில் புது இணைப்புக்கு இடமில்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விவசாயத்தை விட்டுவிட்ட குடும்பத்தின் பெரிய பண்ணை வீட்டில் இரண்டு வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள், அதை இரண்டு மூன்று குடியிருப்பாகப் பிரிக்க அவர்களே தயார். அதற்கு நகராட்சி ஏன் வருடக்கணக்கில் இழுக்கிறது? ஊர் ஓரத்தில் சின்ன அடுக்குமாடி என்றதும் கிராமத்தின் முகம் கெட்டுவிடும் என்று ஆட்சேபம் எழுதுகிறவர்கள் எல்லாரும் தோட்டத்தோடு சொந்த வீட்டில் இருப்பவர்கள். 2024 மார்ச்சில் ஐந்தோவன் வட்டாரத்துக்காக அரசும் வட்டாரமும் சேர்ந்து ஏறக்குறைய 250 கோடி யூரோ ஒதுக்கின, 'பெத்தோவன் திட்டம்' என்று பெயரும் வைத்தார்கள். தொழில் இங்கேயே இருக்க வேண்டும் என்கிற அக்கறை அது. அந்தத் தொழிலைச் செய்ய வருகிறவர்கள் எங்கே படுப்பார்கள் என்ற அக்கறை இந்தச் சின்ன ஊர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

மோசமான ஓனர்களைப் பற்றிப் புகார் வாங்கும் பிரிவு ஒவ்வொரு நகராட்சியிலும் இருக்க வேண்டும் என்பது 2024 ஜனவரியிலிருந்து கட்டாயம். எச்சரிக்கலாம், அபராதம் போடலாம், அதிகாரம் அவர்கள் கையில் இருக்கிறது. நான் புகார் எழுதினேன். பணிவான பதில் வந்தது, பரிசீலிக்கிறோம் என்று. அதற்கப்புறம் சத்தமில்லை.

அதனால் இங்கே ஐந்து வருடம் தொடர்ச்சியாகச் சட்டப்படி குடியிருக்கும் நம்மவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நகராட்சித் தேர்தலில் வாக்களிக்க டச்சுக் குடியுரிமை தேவையில்லை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை வாக்களிக்க அழைப்புச் சீட்டு வீடு தேடி வருகிறது, பலர் அதை விளம்பரக் காகிதத்தோடு சேர்த்துப் போட்டுவிடுகிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். சில நூறு வாக்கில் உறுப்பினராகிற சபை இது. வேட்பாளர் சந்தைத் திடலில் துண்டுச் சீட்டோடு நிற்கும்போது நேராகப் போய்க் கேளுங்கள்: பண்ணை வீட்டைப் பிரிக்க எத்தனை வாரத்தில் அனுமதி கொடுப்பீர்கள், முகவரி பதியவிடாத ஓனர்களில் எத்தனை பேருக்கு இதுவரை அபராதம் போட்டீர்கள் என்று. எண்ணிக்கையைச் சொல்லாமல் நகர விடாதீர்கள்.