பட்டிக்கு அடியில் புதைக்கப்பட்ட துரு

இரண்டு ஆண்டுகளாக என் வீட்டுக் கொட்டகையில் 1966-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றைப் பிரித்துப் போட்டு, தகடு தகடாகச் சரிசெய்து கொண்டிருக்கிறேன். அந்தக் கார் பட்ட காலக் காயங்களைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. சென்னையின் கடற்காற்றும் மழையும் இரும்பைத் தின்னும், அது இயற்கை. என் வயிறு எரிவது வேறொன்றுக்காக. அந்தத் துருவைக் கண்ணால் கண்ட பிறகும் அதைத் தொடாமல், அதன்மீது பட்டியை, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசையை, குழைத்து அப்பி, தேய்த்து, வண்ணம் அடித்து, வேலை முடிந்தது என்று பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்த கைகளை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

வாங்கியபோது கார் பளபளவென்றுதான் இருந்தது. முந்தைய உரிமையாளர் முழு டிங்கரிங்கும் பெயின்டிங்கும் செய்து ஓராண்டுகூட ஆகவில்லை என்று சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை, அவரும் ஏமாந்தவர்தான் என்பது எனக்குப் பின்னால் புரிந்தது. ஒரு வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் தகட்டில் அம்மைக் கொப்புளம் போலப் பெயின்ட் உப்பத் தொடங்கியது. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தேன். பானெட்டில் ஒட்டியது, மேற்கூரையில் ஒட்டியது. இடப்பக்கச் சில்லில் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. பின் சக்கர வளைவில் விழுந்தது. டிக்கியின் கீழ் விளிம்பிலும் விழுந்தது. காந்தம் ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, அல்லது இரும்புக்கு மேல் விரற்கடை கனத்துக்கு வேறு ஏதோ இருக்கிறது என்று பொருள்.

கிரைண்டரை வைத்ததும் கொட்டகை முழுவதும் இளமஞ்சள் தூள் பறந்தது. பல இடங்களில் பட்டியின் கனம் ஓர் அங்குலத்தைத் தொட்டது. அதற்கடியில் மூன்று வகைப் பெயின்ட் அடுக்குகள், அவற்றுக்கடியில் கண்ணாடி இழைத் துணி, அதற்கும் அடியில், துரு தின்று முடித்த ஓட்டையை அடைப்பதற்காகச் சுருட்டித் திணித்த செய்தித்தாள். ஆம், காகிதம். ஒரு காரின் உடலில், தண்ணீர் தெறிக்கும் இடத்தில், தகடு இருக்க வேண்டிய இடத்தில் காகிதத்தை வைத்து மூடியிருந்தார்கள். அந்தக் காகிதம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பக்கத்தில் மிச்சமிருந்த நல்ல இரும்பையும் இரவும் பகலும் அரித்திருந்தது. நாளை எவனாவது விவரம் தெரியாமல் அந்த இடத்தில் வெல்டிங் பொறியைக் காட்டினால் அந்தக் காகிதமே தீக்குச்சி ஆகியிருக்கும்.

இதைச் செய்தவர்கள் என்ன கார் கையில் இருக்கிறது என்பதையாவது ஒரு நிமிடம் பார்த்திருக்கலாம். ட்ரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது; உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. 1961 முதல் அதே கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் நம் மதராஸிலேயே தயாரானது. அந்தக் காலத்துப் புதிய கார்கள் பலவும் சேஸியும், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமும், உடலும் ஒன்றாக வார்த்ததுபோல் வந்துகொண்டிருந்தபோது, ஹெரால்டு தனிச் சேஸியின் மேல், பகுதி பகுதியாக போல்ட் போட்டு முடுக்கப்பட்ட உடலோடு வந்தது. ஹெரால்டைத் தயாரித்தவர்களுக்கு முழு உடலைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்த தகட்டு நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், சிறு சிறு தகடுகளாக வெவ்வேறு இடங்களில் செய்து சேர்க்கும்படி வடிவமைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. அந்தக் கட்டாயம் பழுதுபார்ப்பவனுக்குப் பெரிய வரம். கூரையைக் கழற்றலாம், பின்பகுதியைக் கழற்றலாம், மட்கார்டுகளோடு சேர்ந்த முழு முன்மூக்கையும் முன்பக்கமாகக் கவிழ்த்துவிட்டு எஞ்சினின் பக்கத்தில் சக்கரத்தின் மீதே உட்கார்ந்து வேலை செய்யலாம். சில் தகடு கூட போல்ட்டில் நிற்பதுதான்; பாரத்தைச் சுமப்பது அதற்குப் பின்னால், நடுச் சட்டத்திலிருந்து கிளை போல் இருபுறமும் நீளும் சேஸிக் கைகளும் அவற்றை இணைக்கும் பக்கச் சட்டங்களும்.

இப்படி, பத்து ஸ்பானர்களும் பொறுமையும் இருந்தால் பிரித்துவிடக்கூடிய காரில், போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிவிட்டன என்ற ஒரே காரணத்துக்காக, சில்லையும் தரையையும் பக்கச் சட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஆர்க் வெல்டிங்கில் தைத்திருந்தார்கள். சேஸிக் கையின் முனை உளுத்த பலகை போல உதிர்ந்து கிடந்தது. அதன் மேல் ஒரு தகட்டை வைத்து, உளுத்த இரும்போடே ஒட்டியிருந்தார்கள். உடல் சேஸியில் உட்காரும் இடங்களில் வாஷர் கனத்தைக் கூட்டியும் குறைத்தும்தான் ஹெரால்டில் கதவிடுக்கைச் சரிசெய்ய வேண்டும். வெல்டிங்கில் இறுகிப்போன உடலை எந்த வாஷர் நகர்த்தும்? கதவு மேலே உரசியது, கீழே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டது. அந்த இடைவெளியையும் பட்டியை வைத்தே நிரப்பியிருந்தார்கள்.

பட்டி என்பது என்ன? பாலியெஸ்டர் பிசினில் கலந்த டால்க் தூள். சுத்தமான தகட்டின் மேல், ஓரிரண்டு மில்லிமீட்டர் பள்ளத்தைச் சமன்செய்ய அது நல்ல பொருள். அதை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது ஈரத்தை உள்ளே விடும். அதனடியில் ஒரு புள்ளி துரு மிச்சமிருந்தாலும், அந்தத் துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு வளர்ந்து, பட்டியைத் தள்ளி, விரிசல் விட்டு, அந்த விரிசல் வழியே இன்னும் நீரை இழுத்துக்கொள்ளும். இது எந்த டிங்கருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. தெரிந்தேதான் செய்கிறார்கள். ஒரு மழைக்காலம் தாங்கினால் போதும், அதற்குள் வண்டி கைமாறிவிடும் என்ற கணக்கில் செய்கிறார்கள்.

முறையான வேலை என்ன கேட்கிறது என்பதை இப்போது என் கைகளாலேயே அறிந்திருக்கிறேன். துருப்பிடித்த பகுதியை, நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்று மனம் கெஞ்சும், அந்தக் கெஞ்சலுக்கு இடம் கொடுக்கக் கூடாது. டிக்கிக்குள் இருக்கும் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வீட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும், பாட்டரியைப் பிரிக்க வேண்டும், பக்கத்தில் தண்ணீர் வாளியும் தீயணைப்பானும் இருக்க வேண்டும். உடல் தகட்டுக்கு 20 கேஜ், அதாவது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர்; சேஸிக் கைகளுக்கு நான் அதைவிடத் தடித்த 16 கேஜ் எடுத்தேன். முதலில் அட்டையில் அளவு வெட்டி, பிறகு தகட்டில் வெட்டி, வளைத்து, வைத்து, எடுத்து, தேய்த்து, மறுபடி வைத்துப் பார்த்து, விளிம்போடு விளிம்பு பொருந்திய பின்னரே 0.8 மில்லிமீட்டர் கம்பி போட்ட சி.ஓ.2 வெல்டிங் இயந்திரத்தைத் தொட வேண்டும். ஒரே ஓட்டமாக வெல்டிங் இழுத்தால் மெல்லிய தகடு சூடேறி அப்பளம் போல் நெளிந்துவிடும். ஆகவே இங்கொரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு, ஆறும்வரை காத்திருந்து மறுபடி நடுவில் ஒன்று. ஒரு கையகல ஒட்டுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகிறது. நான் தொழில் தெரியாதவன் என்பதால் இவ்வளவு நேரம்; பழகிய கை இதை அரை நாளில் முடித்துவிடும். அந்த அரை நாளைத்தான் என் காருக்கு யாரும் தரவில்லை.

வெட்டத் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு மூன்று பட்டறைகளில் கேட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: "உள்ளே யாரு சார் பாக்கப் போறாங்க? பட்டி போட்டுத் தேச்சா கண்ணாடி மாதிரி ஆயிடும்." இந்த வாக்கியம்தான் என்னைக் கொதிக்க வைக்கிறது. யார் பார்ப்பார்கள் என்றா கேட்கிறீர்கள்? அந்தத் தரையின் மேல் உட்கார்ந்து என் அம்மா பயணம் செய்வாள். அந்தச் சேஸிக் கையின் கீழே ஜாக்கியை வைத்து, வண்டிக்கு அடியில் ஒருவன் படுப்பான். 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸியிலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்று அந்த விதி சொல்கிறது. கையில் கிடைத்த பெட்டிக் குழாயைச் சேஸியோடு ஒட்டி, உடலையும் அதில் தைத்து அனுப்புகிறவர்கள், ஒரு பழைய காருக்கு மிச்சமிருக்கும் அந்த மரியாதையையும் சேர்த்துத்தான் அழிக்கிறார்கள்.

பட்டறைக்காரர்களை மட்டும் சொல்லி விடவும் எனக்கு மனமில்லை. ஒரு வாரத்தில் வேண்டும், பாதிப் பணத்தில் வேண்டும், போட்டோவில் மின்ன வேண்டும் என்று நிற்கிற உரிமையாளர்கள் நம்மிடம் ஏராளம். சுத்தியலும், தகட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும் டாலி இரும்பும் வைத்துத் தட்டித் தட்டியே தகட்டைத் தேன்போல் ஓடவிடும் வயதான டிங்கர்களைச் சென்னையிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு துளிப் பட்டி இல்லாமல் மட்கார்டு வளைவை மீட்ட கைகள் அவை. அவர்கள் கேட்கும் கூலியில் பேரம் பேசிவிட்டு, அதே பணத்தைப் பெயின்ட் பளபளப்புக்கு யோசிக்காமல் கொட்டுகிறோம். அவர்கள் பட்டறையை மூடிய பிறகு யாரிடம் போய் நிற்பது?

பழைய காருக்கு வேலை கொடுக்கிற யாராக இருந்தாலும் என் வேண்டுகோள் இதுதான்: பிரைமர் அடிப்பதற்கு முன், வெறும் இரும்பாக வண்டி நிற்கும் நாளில் நேரில் போய்ப் பாருங்கள். வெட்டிய இடத்தையும் ஒட்டிய இடத்தையும் படம் எடுங்கள். காந்தத்தைக் கொண்டுபோங்கள். அதை மறுக்கிற பட்டறையிலிருந்து வண்டியை அன்றைக்கே கட்டி இழுத்தாவது வெளியே கொண்டுவந்துவிடுங்கள்.

என் ஹெரால்டில் இடப்பக்கம் முடிந்து, எபாக்சி பிரைமர் போட்டு நிற்கிறது. போல்ட்டுகள் மறுபடியும் போல்ட்டுகளாகச் சுழல்கின்றன. வலப்பக்கத்தில் நேற்றுத்தான் கிரைண்டரை வைத்தேன். முதல் அடுக்கு பட்டிக்கு அடியில் இன்னொரு செய்தித்தாள் சுருள் இருந்தது.