எந்தக் கப்?

உடனடி உப்புமா போன்ற பாக்கெட் உணவைச் சரியாகச் சமைக்க, பாக்கெட்டில் போட்டிருக்கும் செய்முறையை ஒழுங்காகப் படித்தாலே போதும் என்கிறார் ஒரு கட்டுரையாளர். படித்தாலும் புரிய வேண்டுமே! ஒரு கப் ரவைக்கு இரண்டரை கப் தண்ணீர் என்றால் சரி, எந்தக் கப்பில் அளந்தாலும் விகிதம் மாறாது. 'முழுப் பாக்கெட்டையும் இரண்டு கப் கொதிநீரில் கொட்டவும்' என்று போடும்போதுதான் வம்பு. அளவுக் கப் 250 மி.லி.; வீட்டு டீ கப் பலதும் 150ஐத் தாண்டாது. அரை லிட்டருக்குப் பதில் 300 மி.லி. ஊற்றினால் உப்புமா கட்டி தட்டாமல் என்ன செய்யும்? மைக்ரோவேவுக்கு 'ஹையில் 3 நிமிடம்' என்பார்கள், 700 வாட்டா 1000 வாட்டா என்று சொல்ல மாட்டார்கள். சில பாக்கெட்டில் செய்முறைக் குறிப்பே கத்தரிக்கிற இடத்தில் இருக்கும், பாதி குப்பைக்குப் போய்விடும். எடையை கிராமில் போடுகிறவர்கள் தண்ணீரையும் மி.லி.யில் போடலாமே.