பால் காணாதாம்!

மூத்தவள் பிறந்து மூன்றாம் நாள். கொழும்பு, வெள்ளவத்தை ஃபிளாட்டில் தையல் நோவோடு நான் சரிந்து கிடக்கிறேன். பார்க்க வந்த மாமி கதிரையில் இருக்க முதலே கேட்டார்: "என்ன பிள்ளை, குஞ்சு இப்பிடிக் கத்துது, பால் காணாதோ?" பின்னேரம் வந்த பெரியம்மாவும் அதையே கேட்டார். கீழ்மாடி அன்ரி பால்மா டின்னோடேயே வந்தார். எல்லாம் அன்பில்தான். ஆனால் பிள்ளை எப்படிக் குடிக்கிறாள் என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

முதல் இரண்டு நாளும் வருவது கொஞ்சச் சீம்பால்தான். அந்தச் சின்ன வயிற்றுக்கு அதுவே போதும். மூன்றாம் நான்காம் நாளில்தான் பால் நன்றாக இறங்கும். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் சுரக்கும். இடையில் ஒரு போத்தல் மா கொடுத்தால் அந்த நேரத்துப் பால் எடுபடாது, எடுபடாத பாலை உடம்பு பிறகு சுரக்கவும் மாட்டாது. அப்போது அதே மாமி சொல்வார்: "நான் அண்டைக்கே சொன்னனான், காணாதெண்டு!"

மூத்தவளுக்கு இரண்டு மாதத்தோடு நின்றுபோனது இப்படித்தான்.

பால்மாவைத் தாய்மாருக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று 1983இலேயே இங்கே விதிக்கோவை வந்துவிட்டது. அன்ரிமார் இருக்கும்வரை விளம்பரம் எதற்கு?

சின்னவன் பிறந்தபோது ஐந்தாம் நாள் மிட்வைஃப் மிஸ் வந்தார். பாதி சிங்களம், பாதி தமிழ். அவர் கேட்டது ஒரே கேள்வி: "நாளைக்கு எத்தினை தரம் நாப்கின் நனையுது?" ஆறேழு என்றேன். "அப்ப பயப்பட வேணாம்" என்றார். பிறகு என் முதுகுக்குத் தலையணை வைத்து, பிள்ளையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டத் திருப்பி, அவன் வாயைப் பெரிதாகத் திறக்கும்வரை பொறுக்கச் சொன்னார். காம்பு மட்டுமல்ல, அதைச் சுற்றிய கருவட்டமும் வாய்க்குள் போகவேண்டுமாம். இருபது நிமிடம். பால் கொடுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்த நோவு அன்றோடு போயிற்று. மூத்தவளுக்கும் யாராவது அந்த இருபது நிமிடத்தைத் தந்திருந்தால்!

(மா கொடுக்கவேண்டிய நிலை சிலருக்கு வரும். டொக்டர் சொன்னால் கொடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பால் சுரக்குமென்று ஆக்கித் தரும் சுறா வறையையும் நான் குறை சொல்லவில்லை, இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவள்.)

தாய்ப்பாலூட்டலுக்கு நாடுகள் செய்திருக்கும் ஏற்பாடுகளை மதிப்பிட்ட ஒரு பட்டியலில், 2020இல் 97 நாடுகளுக்குள் இலங்கைதான் முதலிடம். சந்தோசம். 84 நாள் லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பியபோது, பால் எடுக்க எனக்குக் கிடைத்த இடம் பழைய ஃபைல்கள் அடுக்கிய அறை. பூட்டு இல்லை. கதவுக்குக் கதிரையை முண்டு கொடுத்துவிட்டு இருந்தேன்.

வாற கிழமை தெஹிவளையில் என் சிநேகிதிக்குப் பிள்ளை பிறக்க இருக்கிறது. டின் கொண்டுபோகப் போவதில்லை. நாப்கின் தோய்த்துக் காயப்போடுவேன். பார்க்க வரும் மாமிமாரைத் தேத்தண்ணி கொடுத்து ஹோலிலேயே இருத்தி வைப்பேன்.