பாட அலகு முடியாத பிள்ளைக்கு மீட்டல் வகுப்பு எதற்கு?
"கடைசி மூன்று மாதம் யாழ்ப்பாணத்தில் தங்கி மீட்டல் வகுப்புக்குப் போகாமல் திருகோணமலைப் பிள்ளை மெடிசினுக்கு (மருத்துவபீடத்துக்கு) எடுபடாது" என்று உயர்தரப் பரீட்சை பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் தங்கை முதல் தடவை பரீட்சை எடுத்தபோது அப்படித்தான் போனாள், அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது, அங்கே மண்டபம் நிறையப் பிள்ளைகள், ஆசிரியர் கடந்தகால வினாத்தாள்களை வேகமாகச் செய்துகொண்டே போக இவள் விடைகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள், அவ்வளவுதான். பௌதிகவியலில் அவளுக்கு அடித்தளமே ஆட்டம், அதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் தடவை உப்புவெளியில் வீட்டிலேயே இருந்தாள், 50 பல்தேர்வு வினாக்களையும் மணிக்கூடு வைத்து 2 மணித்தியாலத்துக்குள் செய்து, பிழைத்ததை மட்டும் பக்கத்தில் உள்ள ஒரு ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கேட்டாள். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி நன்றாக ஏறியது. மேலே கருத்து எழுதிய ஒருவர், பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டக் கோட்டா இருக்கும்போது வகுப்பு எதற்கு என்று கேட்டிருக்கிறார். 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் எங்களைப் போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு, சரி, ஆனால் மாவட்டத்துக்குள்ளேயே போட்டி கடுமை, வெட்டுப்புள்ளியில் (அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்ச இசட் புள்ளியில்) தசமத்தில் தவறிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். பாடம் எல்லாம் முடித்து, எழுதும் வேகம் மட்டும் போதாத பிள்ளைக்கு அந்த வகுப்பு உதவும், அதை மறுக்கவில்லை. அலகுகளே முடியாத பிள்ளையைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள், அந்தக் காசில் மூதூரிலோ கிண்ணியாவிலோ இருந்தபடியே இரசாயனவியலுக்குத் தனியாக ஒரு நல்ல ஆசிரியரைப் பிடிக்கலாம்.